முருகவேலின் கதவு எண்

முருகவேல் எனக்கு இருபத்து நாலாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தான். அவன் கேட்டு வந்தது இருபத்தைந்தாயிரம். நான் எண்ணி மேசை மேல் வைத்த கட்டிலிருந்து ஆயிரத்தை உருவி என் பக்கமே தள்ளிவிட்டான்.

"இருபத்தஞ்சுன்னா கூட்டு ஏழு வருதுண்ணா. ஏழு எனக்கு ஆவாது. இருபத்தி நாலு குடு, ஆறு வரும்" என்றான்.

"கொறையிற ஆயிரத்துக்கு இன்னா பண்ணுவ?"

"அத வேற யாருகிட்டயாவது வாங்கிக்கறேன்."

நான் கடன் கொடுக்கத் தொடங்கி எத்தனையோ வருஷம். அழுதுகொண்டு வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன், சண்டை போட்டு வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். வாங்கும்போதே கொஞ்சம் திருப்பித் தந்தவன் இவன் ஒருவன்தான்.

என் பெயர் சகாதேவன். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் இறங்கி யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், என் லாட்ஜுக்கு வழி சொல்வார்கள். அதே பஸ் ஸ்டாண்டில் டீ கிளாஸ் கழுவியவன் நான். ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் என்னைப் பார்க்கவில்லை. இன்று மூன்று மாடி, முப்பது அறை, மாடிக்கு மாடி வெந்நீர். யாரும் கைதூக்கி விடவில்லை, நானே ஏறி வந்தேன். என்னைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பக்கங்கள் போதாது. இது முருகவேலைப் பற்றியது என்பதால் என் கதையை இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அவனை எனக்கு 1989-இலிருந்து தெரியும். வட ஆர்க்காட்டிலிருந்து எங்கள் ஊரைப் பிரித்துத் தனி மாவட்டமாக்கிய வருஷம் அது. ஊரில் இருந்த ஒவ்வொரு போர்டையும் அழித்து மாற்றி எழுத வேண்டியிருந்தது. பெயிண்ட் டப்பாவும் பிரஷும் வைத்திருந்தவனுக்கெல்லாம் தீபாவளி. முருகவேல் அப்போதுதான் தொழிலுக்கு வந்திருந்தான். அரசாங்க ஆபீஸ், ரேஷன் கடை, பள்ளிக்கூடம் என்று ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். என் எஸ்.டி.டி. பூத்துக்கும் அவன்தான் எழுதினான். எழுத்து சுத்தம். கூலியும் ஜாஸ்தி. அதை நான் குறைத்துத்தான் கொடுத்தேன், அது வேறு விஷயம்.

போர்டு வேலை ஓய்ந்ததும் வண்டி நம்பர் பிளேட் எழுத உட்கார்ந்தான். அங்கேதான் அவனுடைய பைத்தியம் ஊருக்குத் தெரிந்தது. அவன் அப்பா பஸ் கண்டக்டர். சின்ன வயதில் பஸ்ஸில் கிழித்துப் போட்ட டிக்கெட்டுகளைப் பொறுக்கி, எண்களைக் கூட்டிக் கூட்டி விளையாடியவன். அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறிவிட்டது. வண்டிக்காரர் வந்து நின்றதும் பிரஷைத் தொடமாட்டான். முதலில் கூட்டிப் பார்ப்பான். "உங்க பொறந்த தேதி என்னாங்க?" என்பான். எட்டு வந்துவிட்டால் முகம் சுருங்கிவிடும். "சனி ஏறி உக்காந்திருக்காருங்க. எழுதித் தரேன். பாத்து ஓட்டுங்க" என்பான். புது வண்டி வாங்கிய சந்தோஷத்தில் வந்தவர்கள் பாதிப் பேர் முகம் செத்துப்போய்த் திரும்புவார்கள். மீதிப் பேர் அடுத்த வண்டி வாங்குமுன் அவனிடம் வந்து நம்பர் கேட்டுவிட்டுப் போவார்கள்.

நான் அவனிடம் சொல்வேன்: "டேய், என் வண்டி நம்பரக் கூட்டினா எட்டு. நான் மூணு மாடி கட்டலியா?"

"அந்த எட்டு இல்லன்னா ஆறு மாடி கட்டியிருப்பண்ணா" என்பான். இவனிடம் என்ன பேசுவது?

அவன் பிறந்த தேதி இருபத்து நாலு. கூட்டினால் ஆறு. முருகனுக்கும் ஆறு முகம், பெயரும் முருகவேல். அதனால் ஆறு என்றால் அவனுக்கு உயிர். ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் வந்து பிரஷ் வேலை படுத்தபோது அவன் அழுதுகொண்டு உட்காரவில்லை. கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி ஸ்டிக்கர் வெட்டக் கற்றுக்கொண்டான். பிறகு என் லாட்ஜுக்கு எதிர்வரிசையில் கடை பிடித்து பிரௌசிங் சென்டர் வைத்தான். ஏழு கம்ப்யூட்டருக்கு இடம் இருந்தது, ஆறுதான் போட்டான். ஏழாவது இடத்தில் அவன் மனைவி தனத்துக்கு ஒரு ஜெராக்ஸ் மெஷின். அந்த மெஷின்தான் பல மாதம் அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டது.

அந்த நேரத்தில்தான் ஹெல்கா அம்மா வந்தார். ஜெர்மனிக்காரர். செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் பக்கம் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துப் பல வருஷமாக இருக்கிறவர். காய்கறிக்காரியிடம் தமிழிலேயே பேரம் பேசுவார். மலை தெரிகிற பழைய போட்டோக்களைச் சேர்ப்பது அவருடைய வேலை. கல்யாணப் போட்டோ, பள்ளிக்கூடப் போட்டோ, செத்தவர் போட்டோ, எதுவானாலும் பின்னால் மலை தெரிந்தால் போதும். மலையில் எந்த வருஷம் எங்கே மரம் இருந்தது, எங்கே மொட்டையாக இருந்தது என்று அதை வைத்துக் கண்டுபிடிக்கப் போகிறார்களாம். அவர் ஊரில் ஒரு கமிட்டி இதற்குப் பணம் தருகிறது. போட்டோக்களை ஸ்கேன் செய்து ஒரு பெரிய கம்ப்யூட்டரில் அடுக்கி வைக்க வேண்டும். ஜெர்மனியில் உட்கார்ந்துகொண்டே அவர்கள் அதைத் திறந்து பார்க்க வேண்டும். அப்படி அடுக்கி வைப்பதற்கென்றே ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது. காப்பக சர்வர் என்கிறார்கள். அந்த சிடியை ஹெல்கா அம்மாவே கொண்டுவந்தார்.

"யாரு செய்வாங்க?" என்று என்னிடம்தான் கேட்டார். இந்த ஊரில் எது வேண்டுமானாலும் என்னைத்தான் கேட்பார்கள்.

"முருகவேல் செய்வான். நான் பொறுப்பு" என்றேன்.

எழுபதாயிரம் ஒப்பந்தம். முன்பணம் முப்பது. வேலை முடிந்து கமிட்டி திறந்து பார்த்த பிறகு மீதி நாற்பது. முன்பணம் ஸ்கேனருக்கும் ஆள்கூலிக்கும் போய்விட்டது. சர்வர் கம்ப்யூட்டர் வாங்கத்தான் என்னிடம் வந்து அந்த இருபத்து நாலாயிரத்தை வாங்கினான்.

இப்போது ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது, ஆனால் காதால் கேட்டதை விடமாட்டேன். ஒரு கம்ப்யூட்டர் என்பது ஒரு சத்திரம் மாதிரி. முகவரி ஒன்று, கதவுகள் ஆயிரக்கணக்கில். ஒவ்வொரு கதவுக்கும் ஓர் எண். அதற்குப் பெயர் போர்ட். வெளியூர்க்காரன் வந்து எந்தக் கதவைத் தட்டினால் எது கிடைக்கும் என்று முன்பே முடிவு செய்து வைக்க வேண்டும். கதவில் நின்று எப்படிப் பேசுவது என்பதற்கும் ஒரு முறை உண்டு. பழைய முறை போஸ்ட் கார்டு மாதிரி, வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். இன்னொன்று ஒட்டிய கவர் மாதிரி. அந்த முறையில் வந்தால் திரையில் ஒரு சின்னப் பூட்டுப் படம் தெரியும்.

அந்த சாஃப்ட்வேர் வரும்போதே எட்டாயிரத்து எண்பது என்ற கதவோடு வந்தது, போஸ்ட் கார்டு முறையில். அந்த எண்ணைப் பார்த்த அன்றே முருகவேலுக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு எட்டு. கூட்டினால் அவனுக்கு ஆகாத ஏழு. ஆனால் எதை மாற்றினால் எது நின்றுபோகுமோ என்ற பயத்தில் விட்டுவிட்டான். மின்னல் அடித்து மோடம் கருகியது. எலி ஒயரைக் கடித்தது. பாதி போட்டோ ஏற்றியபோது டிஸ்க் செத்துப்போய் முதலிலிருந்து ஏற்றினான். ஒவ்வொரு முறையும் என் முன்னால் வந்து நின்று, "ரெண்டு எட்டுண்ணா, சும்மா வுடுமா?" என்பான்.

கடைசியில் கமிட்டியே வழி விட்டது. பாஸ்வேர்டு வெட்டவெளியில் வருகிறது, பூட்டு முறைக்கு மாற்றிக்கொடுங்கள் என்று எழுதினார்கள். எப்படி மாற்றுவது என்று சாஃப்ட்வேரோடு வந்த குறிப்பிலேயே இருந்தது. கதவு எண்ணாக எட்டாயிரத்து நானூற்று நாற்பத்து மூன்றைப் போடச் சொல்லியிருந்தது.

"அதுலயும் ஒரு எட்டு" என்றான் முருகவேல். எண்ணை அவன் விருப்பத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அதே குறிப்பின் கீழே ஒரு வரி இருந்ததாம். அது போதாதா? பூட்டுக்கு வேண்டிய சாவி ஃபைலை ஒரு வாரம் மண்டையை உடைத்துச் செய்து முடித்தான். கதவு எண் ஆறாயிரம் என்று போட்டான். கற்பூரம் கொளுத்தி மானிட்டரைச் சுற்றினான். தனம் வந்து திட்டி அணைத்தாள்.

திறந்தது. அவன் கடையின் ஆறு கம்ப்யூட்டரிலும் திறந்தது. என் லாட்ஜ் ரிசப்ஷனிலும் பூட்டுப் படத்தோடு திறந்தது. ஜெர்மனியில் மட்டும் திறக்கவில்லை.

அவர்கள் எழுதுவார்கள், திறக்கவில்லை என்று. இவன் எழுதுவான், இங்கே திறக்கிறது, உங்கள் கம்ப்யூட்டரைப் பாருங்கள் என்று. அவர்கள் மறுபடி எழுதுவார்கள். ஹெல்கா அம்மா அப்போது ரிஷிகேசம் போயிருந்தார், நடுவில் பேச ஆள் இல்லை. கமிட்டிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கூடுகிறோம், அந்தக் கூட்டத்தில் திறந்தால் மீதிப் பணம், இல்லையென்றால் வேலையைச் சென்னையில் ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிடுவோம் என்று கடைசியாக எழுதினார்கள்.

நானும் என் பங்குக்குச் சொல்லிவிட்டேன். கடையில் நாலு பேர் இருக்கும்போதே சொன்னேன்: "கமிட்டிப் பணம் வரலன்னா அந்த மெஷினு என் லாட்ஜுக்கு வந்துடும்."

"எடுத்துக்கோண்ணா. பாத்துத் தூக்கு, உள்ள ஆயிரத்து சொச்சம் போட்டோ இருக்குது" என்றான்.  அந்த மெஷின் போனால் கடை போகும். கடை வாடகையே மூன்று மாதம் பாக்கி. அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும், ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்த தனத்துக்கும் தெரியும். அவள் தலை நிமிரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பௌர்ணமியாகவும் அமைந்துவிட்டது. 2006, வெயில் காலம். பௌர்ணமி என்றால் எங்கள் ஊர் எங்கள் ஊராக இருக்காது. மதியத்திலிருந்தே பஸ்கள் ஊருக்கு வெளியே நின்றுவிடும். கிரிவலத்துக்கு வந்த ஜனம் ரோட்டை நிரப்பிக்கொண்டு நடக்கும். என் லாட்ஜில் அறை கேட்டு வரிசை நின்றது. கல்லாவில் உட்கார வேண்டிய நாள். உட்கார முடியவில்லை. எழுந்தேன், வாசலுக்குப் போனேன், எதிர்வரிசைக் கடையைப் பார்த்தேன், திரும்பி வந்தேன். சாவியைத் தவறான ஆளுக்குக் கொடுத்தேன். நான் பொறுப்பு என்று சொன்ன வாய் இது. இந்த ஊரில் என் வார்த்தை அதுவரை கீழே விழுந்ததில்லை.

பொறுக்க முடியாமல் ரோட்டைக் கடந்து அவன் கடைக்குள் போனேன். முருகவேல் திரைக்கு முன்னால் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போன் ரிசீவர் கவிழ்ந்து கிடந்தது.

"இன்னாடா இது? போன எடுத்துக் கீழ வெச்சிருக்க?"

"அடிச்சினே இருக்குதுண்ணா."

"யாரு?"

 தனம்தான் சொன்னாள். "காலையில அந்தம்மா ஊருக்கு வந்துட்டாங்களாம். மூணு தபா போன் பண்ணாங்க. மொதல் தபா எடுத்தாரு, திறக்கலன்னு சொன்னாங்க, வெச்சுட்டாரு. அப்புறம் எடுக்கவே இல்ல. என்னையும் எடுக்க வுடல."

"ஜெர்மனில திறக்கலன்னா அவங்க மெஷினு கோளாறுன்னு சொல்லலாம். இங்க செங்கம் ரோட்லயே திறக்கலியாம்ணா. அதுக்கு மேல இன்னா பேசறது?" என்றான் முருகவேல்.

"அத அந்தம்மாகிட்ட கேக்கணும்டா, போனக் கீழ வெச்சுட்டா தெரிஞ்சிடுமா?"

"நீ போய்க் கேளுண்ணா. எனக்குக் கால் வரல."

என் செல்போனில் அடித்துப் பார்த்தேன். பௌர்ணமிக் கூட்டத்தில் டவர் எங்கே கிடைக்கிறது? ஆட்டோ பிடித்தேன். ஆட்டோவைப் பாதி வழியில் தடுப்புக் கட்டையில் நிறுத்திவிட்டார்கள். இறங்கி ஜனத்தோடு ஜனமாக நடந்தேன். கிரிவலம் போகிறவர்களும் செங்கம் ரோட்டில்தான் அந்தப் பக்கமாகப் போவார்கள், அதனால் போவதில் தொந்தரவு இல்லை. தள்ளிக்கொண்டே போய்விட்டார்கள்.

ஹெல்கா அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். "சகாதேவன், முருகவேலுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

"உடம்பு நல்லாத்தான் இருக்குதுங்க. மனசுதான். உங்க பெட்டியத் தொறந்து காட்டுங்க."

மடிக்கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினார். முருகவேல் கடையில் நீல நிற எழுத்துப் படத்தை அழுத்தி இன்டர்நெட்டுக்குள் போவார்கள். என் லாட்ஜிலும் அதுதான். இவர் அழுத்தியது ஒரு நரி, உருண்டையைச் சுற்றி வாலைச் சுருட்டிக்கொண்டு படுத்திருந்தது. முருகவேலின் முகவரியை அடித்தார். போட்டோ வரவில்லை. நாலு வரி இங்கிலீஷ் வந்தது.

"இன்னா சொல்லுது?"

அவர் விரல் வைத்துப் படித்துத் தமிழில் சொன்னார். "இந்தக் கதவு வேற வேலைக்கு வெச்சது. போட்டோ பாக்கறதுக்கு இல்ல. உன் பாதுகாப்புக்காக நான் போகமாட்டேன், அப்படின்னு சொல்லுது."

"யாரு சொல்றது? முருகவேல் மெஷினா?"

"இல்ல. இந்த நரி. சில கதவு எண்ணுக்கெல்லாம் போகக்கூடாதுன்னு இதுகிட்ட ஒரு கட்டளை இருக்கு. ஆறாயிரமும் அதுல ஒண்ணு. உங்க கடையில அழுத்தற நீல எழுத்து அதப் பாக்கறதில்ல. எங்க கமிட்டில எல்லாரும் இந்த நரிதான். காலையில இதச் சொல்லத்தான் போன் பண்ணேன்."

எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா தெரியவில்லை. உலகத்தில் அறுபதாயிரத்துக்கும் மேலே கதவு இருக்கிறதாம். போகக்கூடாது என்று ஒதுக்கி வைத்தது ஐம்பது அறுபதுதானாம். ஆறு ஆறு என்று தேடிப் போய் அதில் ஒன்றின் மேல் உட்கார்ந்திருக்கிறான்.

"எட்டாயிரத்து நானூற்று நாற்பத்து மூணு போடச் சொல்லுங்க" என்றார்.

"போடமாட்டான்."

"ஏன்?"

"எட்டு இருக்குதுங்க."

பல வருஷம் இந்த ஊரில் இருந்தவர் அல்லவா, உடனே புரிந்துகொண்டார். "அப்போ வெறும் நானூற்று நாற்பத்து மூணு. பூட்டு முறைக்கு அதுதான் பொதுக் கதவு. அதுல இன்னொரு வசதி, முகவரியில எண்ணே எழுத வேண்டாம். எழுதாம விட்டா எல்லாரும் தானா அங்கதான் போவாங்க. கூட்டம் ஆரம்பிக்க ரெண்டு மணி நேரம்கூட இல்ல, சகாதேவன். சீக்கிரம்."

முருகவேலின் போன் இன்னும் கீழே கிடந்தது. திரும்பி நடக்கத்தான் வேண்டும். போகும்போது தள்ளிக்கொண்டு போன ஜனம் வரும்போது எதிரே வந்தது. கிரிவலத்தில் எதிர்ப்பக்கம் நடப்பவனை நாய்கூட மதிக்காது. தோளில் இடித்தார்கள். ஒரு பாட்டி என் காலை மிதித்துவிட்டு என்னையே முறைத்தாள். தடுப்புக் கட்டையில் நின்ற போலீஸ்காரர் கையைக் குறுக்கே நீட்டினார்.

"பெரியவரே, மலைய எடமாவா சுத்தறீங்க?"

"சுத்தலப்பா. கடன் வசூலுக்குப் போறேன்."

"பௌர்ணமில கூடவா?"

"இன்னிக்கு வுட்டா எப்பவும் வராது."

சிரித்துக்கொண்டே விட்டார். நானூற்று நாற்பத்து மூன்று என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். நடக்கும்போதே விரலில் கூட்டினேன். நாலும் நாலும் எட்டு, மூன்று சேர்ந்தால் பதினொன்று, ஒன்றும் ஒன்றும் இரண்டு. இரண்டுக்கு அவன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும். அதற்கு நான் என்ன சொல்வது என்பதுதான் தெரியவில்லை. கால் வலித்தது, சட்டை முதுகோடு ஒட்டியது, பதில் கிடைக்கவில்லை. தேரடித் தெரு பக்கம் வந்ததும் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் படித்தவனுக்கு இது தோன்றியிருக்காது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக ரிசீவரை எடுத்துப் போனில் வைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். முருகவேல் வாயைத் திறந்தபடி கேட்டான்.

"ஆறாயிரத்துக்குப் போவாதா? ஆறுமுகத்துக்கே போவாதா?"

"அது ஜெர்மன்காரன் நரிடா. அதுக்கு ஆறுமுகமும் தெரியாது, ஏழுமுகமும் தெரியாது. நானூத்தி நாப்பத்தி மூணு போடு."

ஒரு நொடிகூட ஆகவில்லை. "ரெண்டு வருது."

"வரட்டும்."

"ரெண்டு சந்திரன்ணா. வளரும், தேயும். நிலையா நிக்காது."

"இன்னிக்குப் பௌர்ணமிடா. நெறஞ்சு நிக்கிது."

"அதாண்ணா சொல்றேன். நாளையிலருந்து தேயும்."

தனம் ஜெராக்ஸ் மெஷினை அணைத்துவிட்டு வந்து நின்றாள். "இவரு இப்பிடியே கூட்டினு இருக்கட்டும். கடையக் கழிச்சுட்டுப் போயிடுவாங்க" என்றாள்.

"நீ சும்மா இரு தனம். ஒனக்குத் தெரியாது."

"இன்னா தெரியாது? மூணு மாச வாடகை தெரியும். அண்ணனோட வட்டி தெரியும். அதக் கூட்டிப் பாருங்க, இன்னா வருதுன்னு."

நான் கையைக் காட்டி அவளை நிறுத்தினேன். "முருகவேலு, இங்க பாரு. நம்பர் எழுதினாத்தான கூட்டு? இந்தக் கதவுக்கு நம்பர் எழுதவே வேணாம். முகவரிய மட்டும் எழுதினா போதும், எல்லாரும் நேரா வருவாங்க."

"நம்பர் எழுதாத வண்டியப் போலீஸ் புடிப்பான்."

"நம்ம ஊர்ல நம்பர் எழுதாத வண்டி ஒண்ணு இருக்குது. ஒருத்தனும் புடிச்சதில்ல."

"எது?"

"பெரிய தேரு."

அவன் என்னைப் பார்த்தான்.

"நீயே ஊர்ல இருக்கிற வண்டிக்கெல்லாம் எழுதினவன். அண்ணாமலையார் தேருக்கு நம்பர் பிளேட் எழுதியிருக்கியா? கூட்டிப் பாத்தியா? ஊரே புடிச்சு இழுக்குது, எட்டு வந்துச்சா ரெண்டு வந்துச்சான்னு எவனாவது கேட்டானா?"

 வெளியே ரோட்டில் ஜனம் அரோகரா சொல்லிக்கொண்டு போயிற்று. முருகவேல் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான். ஆறாயிரம் என்று இருந்த இடத்தை அழித்தான். அழிக்கும்போது உதடு ஏதோ முணுமுணுத்தது, முருகனிடம் மன்னிப்புக் கேட்டிருப்பான். புது எண்ணை அடித்தான். சர்வரை நிறுத்தி மறுபடி கிளப்பினான். அவன் கடைக் கம்ப்யூட்டரில் எண் இல்லாமல் முகவரியை அடித்தான். பூட்டு வந்தது, மலை வந்தது.

"போட்டுட்டேன்" என்றான்.

அதே நேரம் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். ஹெல்கா அம்மா. "இன்னும் திறக்கல. இப்ப அந்த நாலு வரி இங்கிலீஷ் வரல. ஒண்ணுமே வரல. வெள்ளையா நிக்குது. அங்க எல்லாரும் வந்து உக்காந்துட்டாங்க."

நான் சொன்னதைக் கேட்டு முருகவேலின் முகம் வெளுத்தது. "சொன்னேன்ல, ரெண்டு" என்றான்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "ரெண்ட வுடு. உள்ளருந்து பாத்தா திறக்குது, வெளியிலருந்து வந்தா நிக்குது. நடுவுல எவன் நிக்கிறான்? அத யோசி."

அவன் கை மேசை மேல் அப்படியே நின்றது. பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி மூலையில் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்த மோடத்தைப் பார்த்தான். டெலிபோன் ஒயர் அதன் வழியாகத்தான் உள்ளே வருகிறது. வெளியிலிருந்து வருகிறவனை எந்தக் கதவுக்கு அனுப்புவது என்று அதற்கும் சொல்லி வைத்திருந்தான். ஆறாயிரத்துக்கு அனுப்பு என்று சொன்னது அப்படியே இருந்தது. உள்ளே கதவை மாற்றினான், வாசல் காவல்காரனுக்குச் சொல்லவில்லை.

"தூ" என்று தன்னையே திட்டிக்கொண்டு அதற்குள் புகுந்தான். மாற்றினான். மோடம் அணைந்து மறுபடி எரிய வேண்டும். ஒரு விளக்கு எரிந்தது. இரண்டாவது மினுக்கிக்கொண்டே இருந்தது. பௌர்ணமியன்று லைன் கிடைக்க நேரமாகும். தனம் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். நான் உட்கார்ந்தேன், எழுந்தேன். கடைக்கு வந்த ஒருவன் ஜெராக்ஸ் கேட்டான். மூன்று பேரும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்ததில் அவன் பேசாமல் போய்விட்டான். முருகவேல் அந்த விளக்கைப் பார்த்தபடி கையைப் பிசைந்துகொண்டிருந்தான். மினுக்கல் நின்று விளக்கு நிலையாக எரிந்தது.

போன் மணி அடிக்கக் காத்திருந்தோம். அடித்தது. இந்த முறை முருகவேலே எடுத்தான்.

"அம்மா." கேட்டுக்கொண்டே இருந்தான். "தெரியுதா? பூட்டு தெரியுதா?" எங்களைப் பார்த்துத் தலையாட்டினான். கண் கலங்கியிருந்தது. பிறகு ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு, "ஜெர்மனிலயும் திறந்துடுச்சாம். ஒரு படம் திறந்து காட்டணுமாம் கூட்டத்துல. எதத் திறக்கறதுன்னு கேக்கறாங்க" என்றான்.

"எண்பத்தி ஒம்பதுல என் பூத் திறந்த போட்டோ. பின்னால மலை முழுசாத் தெரியும்" என்றேன்.

"அண்ணா, அதுல மலையவிட நீதான் பெருசாத் தெரியற."

"அதுக்கு இன்னா? பாக்கட்டும்."

அதையே சொன்னான். அங்கே ஜெர்மனியில் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் என்னையும் என் பூத்தையும் முருகவேல் எழுதிய போர்டையும் மலையையும் பார்த்தார்கள். மலையில் அந்த வருஷம் மரம் எங்கெங்கே இருந்தது என்று அதில் நன்றாகத் தெரிகிறதாம். ஹெல்கா அம்மா சொன்னார்.

முருகவேல் அதற்குப் பிறகு கோடீஸ்வரன் ஆகவில்லை. அந்த சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலையை மட்டும் கமிட்டி அவனுக்கே கொடுத்தது. நம்பர் கூட்டுவதையும் அவன் விடவில்லை. கமிட்டிக்காரர் எழுதும் கடிதங்களில் தேதியைக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் பிரிக்கிறான். ஒன்று மட்டும் மாறியது. போன் அடித்தால் எடுக்கிறான்.

மீதி நாற்பதாயிரம் பேங்குக்கு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. வெளிநாட்டுப் பணம், அதற்கு ஏதோ காகிதம் வேண்டும் என்றார்கள். வந்த அன்று முருகவேல் பேங்கிலிருந்து நேராக லாட்ஜுக்கு வரவில்லை. கடைக்குப் போய் தனத்தைக் கூட்டிக்கொண்டு வந்தான். நான் கல்லாவில் இருந்தேன். வட்டியைக் குறைக்கச் சொல்லி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் குறைக்கவில்லை. குறைத்திருந்தால் என் தயவில் பிழைப்பவன் மாதிரி ஆகியிருப்பான், அது அவனுக்குப் பிடிக்காது.

"மேசை மேல வேணாம்ணா. கையக் காட்டு" என்றான்.

வலது கையை நீட்டினேன். முருகவேல் ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி என் உள்ளங்கையில் வைத்தான். தனம் பக்கத்தில் நின்று உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே வந்தாள். அசல் முடிந்தது, வட்டி தொடங்கியது. கை கனத்தது. நடுவில் ஒரு நோட்டின் ஓரம் கிழிந்திருந்தது.

"இது செல்லாது, மாத்திக் குடு" என்றேன்.

முருகவேல் அதை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். தனம் இடுப்பிலிருந்த சுருக்குப் பையைத் திறந்து வேறொரு நோட்டை எடுத்துக் கொடுத்தாள். அவன் அதை நீவி என் கையில் வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து எண்ண ஆரம்பித்தான், கடைசி நோட்டு வரைக்கும்.